சாமான் அறைக் கதவு

புதுக்கோட்டையில் கட்டட வேலை செய்யும் சிலர் சேர்ந்து ஆண்டு மலர் ஒன்று போடுகிறார்கள். அதற்குக் கட்டுரை கேட்டு இரண்டு இளம் பொறியாளர்கள் வீட்டுக்கு வந்தார்கள்.

"பழைய வீட்டப் புதுசாக்குற தொழில்ல இந்தப் பக்கம் நீங்கதான் மேடம் பேரு வாங்குனவங்க. எப்படி ஜெயிச்சீங்கன்னு எழுதிக் குடுங்க" என்றார் ஒருவர்.

மற்றவர் காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, "ஏன் மேடம் திடீர்னு விட்டுட்டீங்க? ஒடம்புக்கு ஏதும் முடியலையா?" என்றார். முதலாமவர் அவர் காலை மெல்ல மிதித்ததை நான் பார்த்தேன்.

உடம்புக்கு ஒன்றுமில்லை. எனக்கு வயது ஐம்பத்துமூன்று. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்காது. ஆனால் போன ஆடி மாதத்திலிருந்து, தளத்துக்கு முட்டுக் கொடுத்து நிறுத்தியிருக்கும் எந்த அறைக்குள்ளும் என்னால் கால் வைக்க முடியவில்லை. வாசலில் நின்று உத்தரவு போடும் ஆள் இந்தத் தொழிலுக்கு ஆகமாட்டாள். அதனால் விட்டுவிட்டேன். ஜெயித்த கதையைக் கேட்டுத்தான் வந்தார்கள். அதை எழுத உட்கார்ந்தால் விட்ட கதைதான் கைக்கு வருகிறது.

பாலிடெக்னிக்கில் சிவில் படித்தபோது வகுப்பில் நாங்கள் இரண்டே பெண்கள். இன்னொருத்தி வங்கிக்குப் போய்விட்டாள். நான் புதுக்கோட்டையில் ஒரு கட்டட நிறுவனத்தில் சேர்ந்தேன். அதை நடத்தியவர் அரசு வேலையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். நாங்கள் எல்லோரும் அவரை ஐயா என்போம். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அவர் துடைக்க ஆரம்பித்தாலே கலவை போடுகிறவர்கூட மண்வெட்டியை நிறுத்திவிடுவார்.

பழைய வீடு ஒன்றைப் பார்க்கப் போனால் ஐயா முதலில் குடிக்கத் தண்ணீர் கேட்பார். சொம்பை உயர்த்தி, தலையை நன்றாகப் பின்னால் சாய்த்து, மெதுவாகக் குடிப்பார். வீட்டுக்காரர்கள் பாவம் வெயிலில் வந்திருக்கிறார் என்று நினைப்பார்கள். அவர் அந்த நேரத்தில் மேல்தளம் முழுவதையும் பார்த்து முடித்திருப்பார். விரிசல், ஒழுகின கறை, வளைந்த விட்டம் எதுவும் தப்பாது. பிறகு வீட்டம்மாவைக் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "எந்தக் கதவும்மா பிடிக்கிது?"

ஒரு சுவரின் மேல் சுமை மாறினால் அதிலிருக்கும் கதவு நிலை ஒரு நூல் அளவு நெரியும். கண்ணுக்குத் தெரியாது. கதவு மட்டும் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் ஐயாவின் வேலை நடக்கும் இடத்தில் ஒரு சட்டம் இருந்தது. டீ குடிக்கவோ சாப்பிடவோ எழுந்து போனால், திரும்பி வந்து கருவியைத் தொடுவதற்கு முன் யாராவது ஒருவர் அங்கே உள்ள ஒவ்வொரு கதவையும் ஒரு தடவை சாத்தித் திறக்க வேண்டும். கொத்தனார்கள் சிரிப்பார்கள். "பூசாரி மணி அடிச்சாச்சு, இனிமே வேலையப் பாக்கலாம்" என்பார்கள். நான் தனியாகத் தொழில் தொடங்கியபோது ஐயாவிடமிருந்து கொண்டுவந்தது அந்த மணியடிக்கும் வேலையைத்தான். கடைசிவரை விடவில்லை.

தொழில் வளர்ந்ததற்குக் காரணம் கேட்டால், நான் எல்லா வீட்டுக்குள்ளும் சமையலறை வழியாகப் போனேன் என்பதுதான். என் முதல் வேலை அன்னவாசலில் ஒரு ஆசிரியை வீட்டுச் சமையலறை. மேடையின் உயரத்தை அவர் கணவர் தன் இடுப்புக்கு அளந்து குறித்து வைத்திருந்தார். ஆசிரியை அவர் தோளுக்குக்கூட வரமாட்டார். "ஒங்க வீட்டுக்காரரா தோசை சுடுறாரு?" என்று கேட்டேன். அந்த அம்மா சிரித்த சிரிப்பில் அடுத்த தெருவில் இரண்டு வேலை கிடைத்தது.

கடற்கரைப் பக்கம் ஒரு ஊரில் இன்னொரு வீடு. வீட்டுக்காரர் சவூதியில் இருந்தார். தினமும் வீடியோவில் வந்து, குளியலறையைக் கொல்லை மூலைக்கு மாற்றச் சொல்லி விரலை நீட்டி நீட்டிக் காட்டுவார். அவருடைய உம்மா மகன் சொல்வதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு, போனை அணைத்ததும் என் பக்கம் திரும்பினார். "அவன் வருசத்துல ஒரு மாசம் வந்து குளிப்பான். நாந்தான் தெனமும் குளிக்கிறேன். எனக்கு முட்டி வலிக்கிது. இங்கிட்டு, ரூமுக்குப் பக்கத்துலயே போடும்மா." போட்டேன். விடுமுறையில் வந்தவர், வீடியோவில் பார்த்த திசை குழம்பி, தான் சொன்ன இடத்தில்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு எனக்குக் கைகூப்பினார்.

இப்படித்தான் ஒரு வீட்டுப் பெண்கள் சொல்லி இன்னொரு வீடு வந்தது. திருமயம், அரிமளம் பக்கத்துப் பெரிய பெரிய வீடுகள் வந்தன. சேகர் மேஸ்திரி தலைமையில் நிரந்தரமாக ஆட்கள் இருந்தார்கள். என் மகள் நிவேதா பொறியியல் முடித்து, சென்னையில் அடுக்குமாடி கட்டும் நிறுவனத்தில் வேலை பார்த்துவிட்டு, ஒருநாள் பெட்டியோடு வந்து நின்றாள். "அங்க ஒரே வீட்டத்தாம்மா நூறு தடவ கட்டுறாங்க. எனக்குப் போரடிக்கிது. நான் ஒங்கூடவே வாரேன்" என்றாள். அவள் அப்பாவுக்குப் பெருமை. எனக்குப் பயம். ஊரார் வீட்டுப் பிள்ளைகளை வைத்து வேலை வாங்கியபோது வராத பயமெல்லாம், அவள் சாரத்தில் கால் வைத்ததும் வந்தது. ஹெல்மெட்டை மாட்டு, ஓரமாக நில், மேலே பார் என்று நான் ஓயமாட்டேன். "ஹெல்மெட்டு மேல இன்னொரு ஹெல்மெட்டு போட்டுக்கவாம்மா?" என்பாள். ஆட்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

அரிமளத்துக்கு அப்பால் ஓர் ஊரில் உமையாள் ஆச்சியின் வீடு. குடும்பம் சென்னையில் இருக்கிறது. மகள் வள்ளியின் கல்யாணத்தை ஆவணியில் சொந்த வீட்டிலேயே நடத்துவதென்று ஆச்சி முன்கூட்டியே வந்து தங்கியிருந்தார். நடுவில் திறந்த முற்றம், சுற்றிலும் அறைகள் உள்ள நகரத்தார் வீடு. பின்கட்டில் சமையலறையும் அதை ஒட்டிச் சாமான் அறையும் இருந்தன. இரண்டுக்கும் நடுவில் உள்ள சுவரை எடுத்து ஒரே பெரிய சமையலறை ஆக்க வேண்டும். சாமான் அறைக்கு ஒரே கதவு, அதுவும் அந்தச் சுவரில்தான். சன்னல் கிடையாது. மேலே கைக்கு எட்டாத உயரத்தில் ஒரு காற்றுத் துவாரம் மட்டும்.

எடுக்க வேண்டிய சுவர் சும்மா நின்ற சுவரல்ல. சமையலறைக்கு மேலே மாடியில் ஓர் அறை. சாமான் அறைக்கு மேலே, அந்த மாடி அறைக்குப் போகும் நடை. இரண்டின் தளத்தையும் தாங்கிய தேக்கு விட்டங்கள் கீழே அந்த ஒரே சுவரின் மேல்தான் உட்கார்ந்திருந்தன. அப்படிப்பட்ட சுவரை ஒரே நாளில் இடிக்க முடியாது. இரண்டு பக்கமும் விட்டங்களுக்குக் கீழே திருகு வைத்த இரும்பு முட்டுகளை நிறுத்த வேண்டும். சுவரின் மேற்பகுதியில் வரிசையாகத் துளை போட்டு, இரும்பு உத்திரத்தை நுழைத்து, சுமை உத்திரத்துக்கு மாறிய பிறகுதான் கீழே உள்ள செங்கலில் கை வைக்கலாம். அதுவரை மேலே எதுவும் இருக்கக் கூடாது.

நாங்கள் மேலே ஏறிப் பார்த்தோம். மாடி அறை காலி. நடையும் காலி. "வேலை முடியிற வரைக்கும் ரூம் இப்படியே இருக்கணும் ஆச்சி" என்று சொன்னேன். ஆச்சி என் கண்முன்னாலேயே அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

சாமான் அறையில் இருந்தது வள்ளியின் சீர். பிறந்த அன்றிலிருந்து மகளுக்காகச் சேர்த்த பாத்திரங்கள். ஒன்றுக்குள் ஒன்றாகப் பித்தளை அண்டாக்கள், தூக்குகள், வார்ப்புகள், எவர்சில்வர், பழைய இரும்பு உரல்கள்கூட. எந்த வீட்டிலும் வேலை தொடங்கும்போது நான் சொல்வதைத்தான் அங்கும் சொன்னேன்: தூசி படும், சாமானையெல்லாம் சொந்தக்காரர் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுங்கள். ஆச்சி சிரித்தார். "சீர் சாமான் பொண்ணுக்கு முந்தி வாசலைத் தாண்டாது தங்கச்சி. பொண்ணோட சேர்ந்துதான் போகணும்." சரியென்று எல்லாவற்றையும் முன்கூடத்தில் அடுக்கித் தார்ப்பாய் போட்டு மூடினோம்.

ஆனால் சுண்ணாம்புச் சுவரைத் துளைக்கும்போது வருகிற தூசி தார்ப்பாய்க்கு அடங்காது. இரண்டாம் நாளே பித்தளையெல்லாம் வெளுத்துவிட்டது. ஆச்சி எங்களிடம் முகம் சுளிக்கவில்லை. ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதைத்தான் இன்றுவரை நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். ஒரு வார்த்தை சத்தம் போட்டிருந்தால் வேறு வழி பார்த்திருப்போம்.

அடுத்த நாள் காலையில், இரண்டு பக்கமும் முட்டு நின்ற சுவரில் துளைகள் எல்லாம் போட்டு முடித்துவிட்டோம். சாப்பிட்ட பிறகு உத்திரத்தை ஏற்ற வேண்டும். ஒரு சுவர் மிகவும் பலவீனமாக இருக்கும் நேரம் அது. நாங்கள் கொல்லையில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டோம். நிவேதா எப்போதும் அரைச் சாப்பாட்டில் எழுந்துவிடுவாள். "மணியடிச்சுட்டு வாரேன்" என்று உள்ளே போனாள்.

சாமான் அறைக் கதவு சாத்தும் சத்தம் எனக்குக் கேட்டது. பழைய தேக்குக் கதவு. சாத்தினால் கும்மென்று ஒரு சத்தம், திறந்தால் கீல் முனகும் சத்தம். முதல் சத்தம் வந்தது. இரண்டாவது வரவில்லை.

நான் கையைக் கழுவாமல் எழுந்து ஓடினேன். கதவுக்கு அந்தப் பக்கமிருந்து அவள் குரல் நிதானமாக வந்தது.

"அம்மா, கதவு பிடிச்சுக்கிச்சு. மேல ஏதோ பாரம் ஏறியிருக்கு. யாரையும் இங்கிட்டு விடாத."

சேகர் மேஸ்திரி கடப்பாரையோடு வந்துவிட்டார். "தள்ளுங்கக்கா, ஒரு நெம்பு போதும்."

"மேஸ்திரிண்ணே, கடப்பாரையக் கீழ வைங்க!" என்று உள்ளேயிருந்து கத்தினாள். "கதவு நிலைதான் இப்ப பாரத்தத் தாங்குது. அத நெம்புனீங்கன்னா மொத்தமும் எறங்கிரும்."

அவள் சொன்னது சரி. இத்தனை வருட அனுபவத்தில் எனக்குத் தெரியாததல்ல. ஆனால் அவள் கத்தியிராவிட்டால் நெம்புங்கள் என்று நானே சொல்லியிருப்பேன். அந்த நேரத்தில் நான் பொறியாளர் இல்லை, மேடம் இல்லை. கதவுக்கு இந்தப் பக்கம் நிற்கிற ஒரு அம்மா மட்டும்தான்.

மாடிக்கு ஓடினேன். படியின் உச்சியில் நின்று பார்த்ததை இப்போதும் கண்ணை மூடினால் பார்க்கிறேன். காலையில் காலியாக இருந்த நடை முழுவதும் பித்தளை. அண்டாவின் மேல் அண்டா, சுவரை ஒட்டி உரல்கள், இடுப்பு உயரத்துக்குப் பாத்திரங்கள். உறவுக்காரப் பெண்கள் நான்கைந்து பேர் பெரிய கொப்பரைப் பாத்திரம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு நடுவில் நின்றார்கள். ஆச்சி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்த முகத்தோடு சொன்னார்:

"நீங்க சாப்பிடுற நேரத்துல முடிச்சுட்டா ஒங்க வேலைக்கு எடஞ்சல் இருக்காதுன்னு ஏத்திப்புட்டோம் தங்கச்சி. ரூமத் தொடல. பூட்டு பூட்டுனபடியே இருக்கு பாருங்க."

பூட்டு பூட்டியபடியேதான் இருந்தது. அறையைக் காலியாக வைக்கச் சொன்னேன், வைத்திருந்தார்கள். வீட்டுக்காரர்களுக்கு அறை வேறு, அறைக்கு வெளியே உள்ள நடை வேறு. கீழேயிருந்து தாங்குகிற சுவருக்கு இரண்டும் ஒன்றுதான். சீர் வாசலைத் தாண்டக் கூடாது, அதனால் மேலே ஏறிவிட்டது. எங்களுக்கு இடைஞ்சல் செய்யக் கூடாது, அதனால் சத்தமில்லாமல் ஏறியது. யாரை நோக?

"ஆச்சி" என்றேன். "எம்மக கீழ நிக்கிறா. கதவு தெறக்கல."

ஆச்சி குனிந்து தன் காலடியில் இருந்த தளத்தைப் பார்த்தார். கொப்பரையைப் பிடித்திருந்த பெண்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். கொப்பரையை மெல்ல வைத்துவிட்டு, ஒவ்வொருவராக, காலை அழுத்தாமல் படிக்கு வரச் சொன்னேன். வந்தார்கள். நடையில் பாரம் மட்டும் மிச்சம்.

இனி அதை இறக்க வேண்டும். இழுக்கக் கூடாது, கீழே போடக் கூடாது. எட்டுகிற தூரத்தில் இருப்பது கொஞ்சம்தான். உள்ளே போய் எடுத்துத் தர ஓர் ஆள் வேண்டும். ஒரே ஆள், கனமில்லாத ஆள். என் ஆட்கள் எல்லோரும் மூட்டை சுமக்கிற உடம்புக்காரர்கள். நானும் கனம்.

"நான் போறேன்" என்றாள் வள்ளி. படியில் எனக்குப் பின்னால் நின்றிருந்தாள். ஒடிசலான பெண். முழங்கைவரை பித்தளைக் கறை.

ஆச்சியின் கை அவள் மணிக்கட்டை இறுகப் பிடித்தது.

நான் ஆச்சியைப் பார்த்தேன். ஆச்சி என்னைப் பார்த்தார். போகச் சொல்லுங்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்க வாய் வரவில்லை. வேண்டாம் என்று சொல்லவும் வரவில்லை. இன்னும் சில நாளில் கல்யாணம் ஆகப்போகும் பெண் அவள். என் மகள் கீழே, அவர் மகள் மேலே, நடுவில் நெரிந்துகொண்டிருக்கும் ஒரு தளம்.

ஆச்சி கையை விட்டார். "செவுத்தோரமாப் போ ஆத்தா. பைய" என்றார்.

வெளிச்சுவரின் ஓரமாகவே நடந்து போகச் சொன்னேன். எந்தப் பாத்திரத்தை முதலில், எதை அடுத்து என்று படியில் நின்று சொன்னேன். வள்ளி எடுத்து நீட்ட, படியில் நின்ற பெண்கள் கைமாற்றிக் கீழே இறக்கினார்கள். கீழே முன்கூடத்தில் துடைப்பதற்காகப் பிரித்துப் பரப்பிய மிச்சச் சாமானும், முற்றம் முழுவதும் எங்கள் மணலும் செங்கலும் உத்திரமும் கிடந்தன. சேகர் மேஸ்திரி இரண்டு அண்டாக்களோடு திகைத்து நின்று, "எங்கிட்டு ஆச்சி வைக்க?" என்று கேட்டார்.

"வெளிய. ரோட்டுல வைங்க."

படியில் நின்ற வயதான உறவுக்கார அம்மா ஒருவர், "உமையா, கல்யாணத்துக்கு முந்தி வாசலைத் தாண்டுனா..." என்று இழுத்தார்.

"உள்ள ஒரு புள்ள நிக்கிது பெரியத்தா. பேசாம வாங்கிக் குடுங்க" என்றார் ஆச்சி.

உரல்களை நகர்த்த வேண்டாம், அவை கடைசியில் என்று வள்ளியிடம் சொல்லிவிட்டு நான் கீழே கதவுக்கு ஓடினேன். கதவு நிலையின் மேல்பக்கத்திலிருந்து சுண்ணாம்புத் தூள் மாவு சலிப்பதுபோல உதிர்ந்துகொண்டிருந்தது.

"நிவேதா, என்னடி பண்ற?"

"முட்டுகளத் திருகி ஏத்துறேன். ரெண்டு முட்டு லூசாயிருச்சு."

"செவுத்துக்கிட்ட நிக்காதடி."

"ரூமே ஒரு பாய் அளவுதான் இருக்கு. வேற எங்கம்மா நிக்க?" திருகின் கிரீச் சத்தம் மட்டும். பிறகு, "அழுவாதம்மா. ஒஞ் சத்தத்துல செவுத்துச் சத்தம் எனக்குக் கேக்க மாட்டேங்கிது" என்றாள்.

நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். மேலே பாத்திரங்கள் கைமாறும் சத்தம், வெளியே அவற்றைத் தரையில் வைக்கும் சத்தம். நடுவில் ஒருமுறை சுவருக்குள்ளிருந்து பட்டென்று ஏதோ தெறித்தது. மாடியில் எல்லாம் நின்றுபோயின. "எனக்கு ஒண்ணுமில்ல. செங்கல்லு ஒண்ணு வெடிச்சிருக்கு. எறக்குங்க, நிறுத்தாதீங்க" என்று நிவேதா குரல் கொடுத்தாள். மேலே வள்ளியின் கொலுசு மறுபடி நடந்தது.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு கேட்டபோது ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். எனக்கு நினைவிருப்பது கதவின் கீல் முனகியது மட்டும். ஒரு சாண் திறந்து நின்றது. மறுபடி முனகியது. நிவேதா வெளியே வந்தாள். தலைமுடி, புருவம், இமை எல்லாம் சுண்ணாம்பு. ஒரு கணம் நரைத்துக் கிழவியாகிப்போன என் மகளைப் பார்த்தேன். கட்டிக்கொள்ளப் போனேன். அவள் என்னைத் தாண்டிப் போய் ஒரு செங்கல்லை எடுத்துவந்து, கதவு மறுபடி சாத்திக்கொள்ளாதபடி அடியில் வைத்தாள். பிறகுதான் தண்ணீர் கேட்டாள்.

வள்ளி இறங்கி வந்தாள். இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வள்ளிதான் முதலில் சிரித்தாள். "ஒங்கம்மா எங்கம்மாவ விட மோசமா அழுவுறாங்க" என்றாள்.

ஆச்சி தெருவில், பாத்திரங்களுக்கு நடுவே, புழுதியில் உட்கார்ந்திருந்தார். மொபெட்டில் போன ஒருவர் நிறுத்தி, "என்ன ஆச்சி, கல்யாணம் ஆவணியிலன்னுதான சொன்னீக? சீர் இன்னைக்கே கெளம்பிருச்சு?" என்று கேட்டார்.

"ஒத்திகை பாக்குறோம்ப்பா. நீ போ" என்றார் ஆச்சி. சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

மறுநாள் காலை நிவேதா வண்டிச் சாவியை எடுத்தபோது, வேண்டாம், வேறு யாரையாவது பார்க்கச் சொல்லலாம், இந்தத் தொழிலே போதும் என்றேன். "பாதிச் செவுத்த முட்டுல நிறுத்தி வச்சுட்டு யாரப் பாக்கச் சொல்றது?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள். கூடுதல் முட்டு கொடுத்து, உத்திரத்தை ஏற்றி, சுவரை எடுத்து, கல்யாணத்துக்கு முன்னால் சமையலறையை முடித்துக் கொடுத்தாள். நான் ஒருநாள் போய்ப் பார்த்தேன். பின்கட்டு வரை போன கால் அதற்குமேல் போகவில்லை. திரும்பி வந்துவிட்டேன். அன்றிலிருந்து எந்த வேலையிடத்துக்கும் போகவில்லை.

கல்யாணத்துக்குப் போனோம். சீர் இரண்டாவது முறையாக வாசலைத் தாண்டியது. முதல் தூக்கை ஆச்சி நிவேதாவின் கையில் கொடுத்து எடுத்துவரச் சொன்னார். புதிய சமையலறையை எல்லோரும் போய்ப் பார்த்துப் புகழ்ந்தார்கள். நான் தெருவிலேயே நின்றேன். ஆச்சியும் என்னை உள்ளே கூப்பிடவில்லை. ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டு, கொஞ்ச நேரம் பக்கத்தில் நின்றுவிட்டுப் போனார்.

இப்போது தொழில் நிவேதாவுடையது. ஐயாவின் சட்டத்தில் அவள் ஒரு மாற்றம் செய்திருக்கிறாள். கதவுக்கு உள்ளே ஆள் நின்று சாத்தக் கூடாது, வெளியே நின்றுதான் சாத்தித் திறக்க வேண்டும். மாடியில் அறை, நடை, படி என்று பிரித்துச் சொல்வதையும் விட்டுவிட்டாள். வீட்டுக்காரர்களைக் கூட்டிக்கொண்டு மேலே போய், எந்த இடமெல்லாம் காலியாக இருக்க வேண்டுமோ அங்கெல்லாம் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டு வருகிறாள். இளம் பொறியாளர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். மற்றதை அவளிடம் கேளுங்கள்.

அவளைத் தடுக்க எனக்குத் தெரியவில்லை. பயப்படாமல் இருக்கவும் தெரியவில்லை. அவள் அதற்கும் ஒரு வழி செய்திருக்கிறாள். மதியம் சாப்பாடு முடிந்து வேலை தொடங்கும் முன் எனக்குப் போன் போடுகிறாள். பேசுவதில்லை. போனைக் கதவுப் பக்கம் நீட்டுகிறாள். சாத்தும் சத்தம் கேட்கிறது. நான் அடுப்பை அணைத்துவிட்டு, போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நிற்கிறேன். திறக்கும் சத்தம் வந்த பிறகு தட்டைப் போட்டுச் சாப்பிட உட்காருகிறேன்.